நைனா தேய்த்த கண்ணாடி

இன்று செஞ்சியில் ஒரு கல்லூரியில் எங்கள் ஆய்வைப் பற்றிப் பேசினேன். வெள்ளியும் சிலிக்காவும் மாறிமாறி மெல்லிய அடுக்குகளாகப் பூசிய கண்ணாடித் துண்டைப் பற்றிய ஆய்வு அது. அந்தத் துண்டின்மேல் எதையாவது வைத்துப் பார்த்தால், சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே இன்னும் நுணுக்கமாகத் தெரியும்.

காலையில் வீட்டில் அந்தத் துண்டு வைத்திருந்த பெட்டியைத் திறந்தேன். துண்டில் பாதி பளிச்சென்று இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டேன்.

"நைனா, இத யாரு தொட்டது?"

"நான்தாம்மா. கறையா இருந்துச்சி, சோப்பு போட்டு தேச்சேன். மீதி கறை போவவே மாட்டேங்குது."

வேறு துண்டும் கையில் இல்லை. அதையே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

கல்லூரியில் அதன்மேல் ஒளிரும் நுண்மணிகளைப் பரப்பிப் படமெடுத்தோம். நைனா தேய்த்த பக்கத்தில் எல்லாம் ஒரே மங்கலான புள்ளிகள். பூச்சு தப்பிய பக்கத்தில் கணினி பல படங்களை ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தபோது, பல புள்ளிகள் இரண்டிரண்டு மணிகளாகப் பிரிந்து நின்றன.

"மேடம், வித்தியாசம் காட்டத்தான் பாதியை அழிச்சீங்களா?" என்றாள் ஒரு மாணவி.

"ஆமாம்மா" என்றேன்.

நைனாவிடம் இதைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் லேபுக்கே சோப்போடு வந்துவிடுவார்.

உங்கள் வீட்டில் யார், எதைக் கழுவி வைத்தார்கள்?