நாற்றம் நின்றுபோன அறை

போன மாதம் மாமல்லபுரத்திலிருந்து திரும்பும்போது முட்டுக்காடு பாலத்தில் வண்டி நின்றுவிட்டது. முன்னால் எங்கோ நெரிசல். தண்ணீர் வற்றியிருந்த நேரம். கழிமுகத்தில் கறுப்புச் சேறு வெயிலில் கிடந்தது. கண்ணாடியை இறக்கினேன். அழுகின முட்டை நாற்றம் குப்பென்று உள்ளே வந்தது. பின்னால் இருந்த மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாமா, ஏத்திடுங்களேன்" என்றாள். கொஞ்ச நேரத்தில் அவளே கையை எடுத்துவிட்டு, "இப்ப அவ்ளோவா தெரியல" என்றாள்.

அதைக் கேட்டதும் கதவைத் திறந்து இறங்கி, காற்று வருகிற பக்கமாகப் போய்க் கைப்பிடிச் சுவரோரம் நின்றுகொண்டேன். திறந்தவெளியில் சேற்று நாற்றம் யாரையும் ஒன்றும் செய்துவிடாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? கால்கள் கேட்பதில்லை. கிழவனுக்குக் கடல் பார்க்க ஆசை என்று வண்டியில் இருந்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். திருக்கழுக்குன்றத்துக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் நிலமும் நிறைய வெயிலும் உள்ள குடும்பம் எங்களுடையது. படிப்புச் சம்பளம் கட்ட முடியாத பிள்ளைகளுக்குக் கல்லூரியிலேயே வேலை கொடுத்துச் சம்பளத்தைத் தள்ளுபடி செய்வது என்று அப்போது ஒரு திட்டம் வந்தது. சிலருக்கு நூலகம், சிலருக்கு விடுதிச் சமையலறை. எங்கள் மூன்று பேருக்கு வேதியியல் ஆய்வுக்கூடம். அங்கே அட்டெண்டர் இடம் காலியாக இருந்ததால் அவர் செய்ய வேண்டியதெல்லாம் எங்கள் தலையில் விழுந்தது. சோதனைக் குழாய் கழுவுவது, ஆசிட் ஜாடியைத் தூக்குவது, கரைசல் கலப்பது. வீட்டில் கேட்டால் 'ஆராய்ச்சி' என்று சொல்லிவைத்திருந்தேன். ஆசிட் தெறித்துச் சட்டையெல்லாம் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்திருக்கும். அம்மா அதை எலி கடித்தது என்று நினைத்துப் பரண்மேல் பொறி வைத்தாள்.

வேலையில் சேர்ந்த முதல் நாள் எங்கள் விரிவுரையாளர் ஒரே ஒரு பாடம் சொன்னார். "எதையும் உடைக்காதீங்க." அவ்வளவுதான். கண்ணாடிக்குச் சொன்னார், எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. கண்ணுக்குக் கண்ணாடி கிடையாது, கைக்கு உறை கிடையாது. ஆசிட்டை வாயால் உறிஞ்சித்தான் பிப்பெட் குழாயில் ஏற்றுவோம். ஏதாவது உள்ளே போய்விட்டால் மோர் குடித்தால் சரியாகும் என்பது மாணவர்களுக்குள் வழங்கிவந்த வைத்தியம்.

மற்ற இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். சாதிக் கோவளத்துக்காரன். அவன் அப்பாவுக்குக் கருவாட்டு மண்டி. ஒரு மழைக்காலத்தில் சரக்கெல்லாம் கெட்டுப்போய் வியாபாரம் உட்கார்ந்துவிட்டதால்தான் இந்த வேலைக்கு வந்தான். விடியற்காலையில் கிளம்பிக் கேளம்பாக்கம், திருப்போரூர் என்று பஸ் மாறி மாறி வருவான். வந்த அன்றே என்னை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான். மல்லிகா வேடந்தாங்கல் பக்கத்துக் கிராமம். செங்கல்பட்டில் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். அந்தக் காலத்தில் ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில் இருந்தாலும் பேசிக்கொள்வது அபூர்வம். மூன்று பேரும் ஒரே தொட்டியில் குழாய் கழுவியதால் நாங்கள் பேசினோம். அப்போதும் அவள் எங்களை "நீங்க, வாங்க" என்றுதான் சொல்வாள்.

ஆய்வுக்கூடத்தின் கோடியில் ஒரு சின்ன அறை. கேஸ் ரூம் என்போம். உப்புச் சோதனைக்கு வேண்டிய வாயுவை அங்கேதான் தயார் செய்வது. மூன்று கண்ணாடிக் குண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதுபோல ஒரு கருவி. நடுக் குண்டில் கறுப்பு ஜல்லி மாதிரி இரும்பு சல்பைடு கிடக்கும். மேலிருந்து ஆசிட் ஊற்றினால் அது கல்லைத் தொடும். தொட்டால் வாயு வரும். அழுகின முட்டை நாற்றம். குழாயைத் திருகி மூடினால் ஆசிட் கல்லை விட்டு விலகி, வாயு நின்றுவிடும். திருகும் இடம் இறுகிக்கொண்டால் நிற்காது.

அந்த அறைக்கு ஒரு ஜன்னல் உண்டு. மலையிலிருந்து இறங்கி வரும் குரங்குகள் புகுந்து கண்ணாடிச் சாமான்களை உடைக்கின்றன என்று, பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார்கள். புகையை வெளியே தள்ளும் மின்விசிறி எப்போதோ நின்றுபோயிருந்தது. அதன் இறக்கைகளுக்கு நடுவில் சிட்டுக்குருவி கூடு கட்டியிருந்தது. கூட்டில் குருவி இருந்து நான் பார்த்ததில்லை.

காலையில் அந்த அறையைப் பெருக்குவது என் வேலை. கருவி வைத்த மேடைக்குப் பின்னால் பெரும்பாலும் செத்த பல்லி கிடக்கும். சில நாள் இரண்டு கிடக்கும். ஒரு தடவை ஒரு சுண்டெலி. முறத்தில் வாரி வேலிக்கு அப்பால் கொட்டிவிட்டு வந்து, விஷ வாயுக்களின் குணங்களை மனப்பாடம் செய்ய உட்காருவேன். நாங்கள் மூவருமே வேதியியல் மாணவர்கள். பல்லி ஏன் அந்த அறையில் மட்டும் சாகிறது என்று மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சாதிக்கின் அம்மாவுக்குத் தோன்றியது. பல்லியை அவர் பார்த்ததில்லை. மகன் விரலில் கிடந்த வெள்ளி மோதிரத்தைப் பார்த்தார். அது கறுத்துக்கொண்டே வந்தது. புளி போட்டுத் தேய்த்துக் கொடுப்பார். அடுத்த வாரம் மறுபடியும் கறுத்துவிடும். பிள்ளையைச் சுற்றி ஏதோ கெட்டது வருகிறது என்று அவனைத் தர்காவுக்கு அழைத்துப் போய் ஓதிப் பார்த்திருக்கிறார். அந்த வேலையை விட்டுவிடச் சொல்லியும் கேட்டிருக்கிறார். சாதிக் இதை எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். "வெள்ளி சல்பைடும்மான்னேன். அது இன்னா ஷைத்தானோ, எனக்குத் தெரியாதுடான்னுச்சு." நானும் சிரித்தேன். மல்லிகா சிரிக்காமல் தன் கொலுசைக் குனிந்து பார்த்தாள். அதுவும் கறுத்துத்தான் இருந்தது.

அந்த வருஷம் ரம்ஜான் புரட்டாசியில் வந்தது. அதே சமயம், பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தைப் பார்வையிட வரப்போகிறது என்று தகவல். அவர்கள் சரி என்று சொன்னால்தான் பட்டப்படிப்பு நிலைக்கும். விரிவுரையாளர் தரையில் கால் பாவாமல் ஓடிக்கொண்டிருந்தார். பாவம், அவருக்கும் அது வாழ்வா சாவா என்றுதான் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் கிளம்பும்போது எங்களிடம், கேஸ் மெதுவாக வருகிறது, ஆசிட்டைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவையுங்கள், அவர்கள் வரும்போது பிசுபிசுத்துப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கட்டடத்தில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். சாதிக் நோன்பு. அவன் முன்னால் சாப்பிடக் கூச்சப்பட்டு நான் வெளியே புங்க மரத்தடியில் தயிர்சாதத்தை அவசரமாக விழுங்கிவிட்டு வந்தேன். மல்லிகா தொட்டியருகே குழாய்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். காற்றே இல்லை. கடல்காற்று எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கச் சாயங்காலம் ஆகும்.

கேஸ் ரூமுக்குள் சாதிக் கருவியில் புது ஆசிட்டை ஊற்றினான். கெட்டியான ஆசிட். வாயு வேகமாகக் கிளம்பியது. திருகு இறுகிக்கொண்டு மூடவில்லை. அவன் அழுத்தித் திருக, ரப்பர் கார்க்கே குழாயோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. சத்தம் கேட்டு நாங்கள் இரண்டு பேரும் திரும்பினோம். நாற்றம் ஆய்வுக்கூடம் முழுக்கப் பரவிக் கண் எரிந்தது. உள்ளே அவன் இருமுவது கேட்டது. கார்க்கைச் செருகப் பார்க்கிறேன் என்று குரல் கொடுத்தான்.

கொஞ்சம் பொறுத்து வாசலுக்கு வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது, ஆனால் சிரித்தான்.

"நாத்தம் நின்னுட்ச்சி மச்சான். அடைச்சிகிச்சின்னு நெனைக்கிறேன். பாத்துட்டு வரேன்."

உள்ளே திரும்பிப் போனான். பிறகு ஒரு சத்தமும் இல்லை.

அந்த வாயுவின் குணம் அதுதான் என்று பின்னால்தான் தெரிந்தது. கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமானால் முதலில் மூக்கைக் கொன்றுவிடும். நாற்றம் போய்விட்டது என்று ஒருவன் நிம்மதியாகிற இடத்தில்தான் அது அவனுக்காகக் காத்திருக்கிறது. எங்கள் பாடப் புத்தகத்தில் "துர்நாற்றம் உடையது" என்று மட்டும் போட்டிருந்தது.

இரண்டு முறை கூப்பிட்டேன். பதில் இல்லை. எட்டிப் பார்த்தால் மேடைக்குக் கீழே அவன் கால்கள் தெரிந்தன. ஓடினேன். வாசலுக்கு ஒரு எட்டு இருக்கும்போது யாரோ பின்னாலிருந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததில் கழுத்து நெரிந்தது. மல்லிகா.

"உள்ள போவாத. நீயும் வுழுந்துடுவ."

அதுவரை என்னை நீ என்று அவள் சொன்னதில்லை. நான் கையை உதறினேன். அவள் விடவில்லை. குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "எங்க பெரியப்பா கெணத்துல தூர் வார எறங்கினாரு. சத்தம் இல்லன்னு எங்கப்பா எறங்கினாரு. ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் தூக்கினாங்க. ஜன்னல ஒடைக்கலாம், வா."

அவளுக்கு அப்பா இல்லை என்பது எனக்குத் தெரியும். எப்படி இல்லாமல் போனார் என்று நான் கேட்டதே கிடையாது.

சுற்றிக்கொண்டு வராந்தாப் பக்கம் ஓடினோம். கையோடு எடுத்து வந்த இரும்புத் தாங்கியால் பலகையை அடித்தேன். நல்ல ஆணி, குரங்குக்காக அடித்தது. பலகை பிளந்து கண்ணாடி உடைந்ததும் உடனே உள்ளே குதிக்கப் போனேன். அதற்கும் அவள் விடவில்லை. கதவும் ஜன்னலும் திறந்தபடி கொஞ்சம் காற்று போகட்டும் என்றாள். உள்ளே அவன் கிடக்க, வெளியே நாங்கள் நின்றோம். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் இன்னும் நின்று முடிக்கவில்லை.

பெட்டி கட்டி வந்த சணல் கயிறு மூலையில் கிடந்தது. கதவுப் பக்கம் திரும்பி ஓடி வந்ததும் அதை என் இடுப்பில் கட்டினாள். மூச்சைப் பிடிச்சிக்கினு போ, கால மட்டும் புடி, நான் இழுத்துக்கறேன் என்றாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவன் கணுக்கால் கைக்குக் கிடைத்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தபோது கயிறு இடுப்பை வெட்டியது. அவனை இழுத்து வந்தேன் என்று சொல்வது மரியாதைக்கு. எங்கள் இரண்டு பேரையும் அவள்தான் இழுத்தாள்.

புங்க மரத்தடியில் போட்டோம். உதடு நீலமாக இருந்தது. மல்லிகா அவன் முதுகில் அறைந்துகொண்டே இருந்தாள். கடைசியில் இருமினான். சாலையில் போன கல் குவாரி லாரியை மறித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

மறுநாள் கல்லூரி முதல்வர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வராந்தாவில் சாதிக்கின் அம்மா துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல்வர் அன்பாகத்தான் பேசினார். இந்த வெயிலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பிருந்தால் மயக்கம் வராமல் என்ன செய்யும், இனி வேலை நாளில் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லுங்கள் என்றார். அப்படியே எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது என்பதும் அவர் பேச்சில் தெரிந்தது.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"எட்டு வயசுலேர்ந்து நோம்பு புடிக்கறான் சார். நோம்போடவே மண்டியில மூட்ட தூக்குவான். நோம்பு எம்புள்ளய ஒரு நாளும் கீழ தள்ளினதில்ல."

என்னோடு பக்கத்தில் நின்றிருந்த மல்லிகா சொன்னாள்: "நோம்பு இல்லீங்கம்மா. கேஸு." நானும் அதையே சொன்னேன், ஜன்னலை ஆணி அடித்திருந்ததையும் சேர்த்து. முதல்வர் எங்கள் இருவரையும் பார்த்த பார்வையில், நாங்கள் அந்தக் கல்லூரியில் இனி என்ன கேட்டாலும் கிடைக்காது என்று எழுதியிருந்தது.

திங்கட்கிழமை குழு வந்தது. கேஸ் ரூம் கதவுக்கு முன்னால் ஒரு கரும்பலகையை நிறுத்தி வைத்திருந்தார்கள். எல்லாம் திருப்தி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த மாதம், மாணவர் நலனைக் கருதி எங்கள் வேலைத் திட்டம் நிறுத்தப்பட்டது. எனக்கு மாமா சம்பளம் கட்டினார். மல்லிகாவுக்குக் கட்ட யாரும் இல்லை. படிப்பை விட்டுவிட்டு நர்ஸ் பயிற்சியில் சேர்ந்தாள். கல்யாணமாகி வடக்கே போனாள் என்று அவள் சித்தி சொன்னார். அதற்குமேல் தெரியாது. இருக்கிறாளா என்றுகூடத் தெரியாது.

சாதிக் பிழைத்தான். அடிக்கடி தலைவலி வரும். மூக்கு மட்டும் திரும்பவே இல்லை. மல்லிகைப்பூவும் கருவாடும் அவனுக்கு ஒன்றுதான். அப்பாவின் மண்டியிலேயே உட்கார்ந்தான். மூக்கில்லாதவனுக்கு ஏற்ற வேலை என்று அவனே சொல்லிச் சிரிப்பான். சரக்கு கெட்டிருக்கிறதா என்று மோந்து பார்க்க ஒரு ஆளை வைத்திருந்தான் என்பது வேறு கதை.

இன்று அந்த அறை இருந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள். அந்தக் கருவியை இப்போதைய மாணவர்கள் படத்தில்கூடப் பார்த்ததில்லை. கருவாட்டு மண்டியும் போய், அந்த இடத்தில் அடுக்குமாடி எழும்பிவிட்டது.

மூக்கோடு சேர்த்து அந்த நாளும் சாதிக்குக்கு இல்லாமல் போயிருந்தது. காலையில் பஸ் ஏறியதோடு சரி. கண் விழித்தால் ஆஸ்பத்திரி. அதனால் வருஷா வருஷம் ரம்ஜான் முதல் நோன்பன்று சாயங்காலம் என்னைக் கூப்பிடுவான். முதலில் எஸ்டிடி பூத்திலிருந்து, பிறகு கைப்பேசியிலிருந்து. "அன்னிக்கி இன்னா ஆச்சி, இன்னொரு தபா சொல்லு மச்சான்" என்பான். சொல்வேன். மல்லிகா என் காலரைப் பிடிக்கும் இடம் வந்ததும் மெதுவாக, "அப்பறம்?" என்பான், தான் பிழைத்தது இன்னும் முடிவாகாத மாதிரி.

போன ரம்ஜானில் முதல் நோன்பன்று போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் மவுத்தாகிச் சில மாதங்கள் ஆகிவிட்டன என்பது எனக்குத் தெரியும்; அவனை அடக்கம் செய்த கபர்ஸ்தான் வரை நானும் நடந்து போயிருக்கிறேன். இருந்தாலும், பள்ளிவாசலில் பாங்கு சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.