ஓடட்டும், பாக்கலாம்

எதிர் தியேட்டரில் காட்சி முடிந்தால் தையற்காரர் மிஷினை நிறுத்திவிடுவார். ஊசி துணிக்குள்ளேயே நிற்கும். கழுத்தை நீட்டி, வெளியே வருகிற முகங்களை ஒவ்வொன்றாக மேய்வார். "உள்ள போறவன் எல்லாம் சிரிச்சுக்கிட்டுதான் போவான். வர்றப்ப பாக்கணும்." முகம் மட்டும் போதாது. பட்டன் வைக்க வருகிறவரிடம் படத்தின் கதையைக் கேட்பார். அடுத்து வருகிறவரிடமும் அதையே கேட்பார். இரண்டும் ஒத்துப்போனால் சந்தேகம் இன்னும் கூடும். "பேசி வச்சுக்கிட்டு வந்திருக்கானுங்க."

எந்தப் படமானாலும் முடிவு ஒன்றுதான்: "ஓடட்டும், பாக்கலாம்."

முன்பெல்லாம் இது செல்லுபடியானது. வந்த படம், போஸ்டர் வெயிலில் வெளுத்து அதன்மேல் 'நூறாவது நாள்' என்று தாள் விழும்வரை நிற்கும். ஊரே பார்த்து ஓய்ந்தபிறகு, காலியான நடு வரிசையில் போய்ச் சாய்ந்துகொள்வார். அப்போதும் இடைவேளையில், "நூறு நாள் தாள இவனுங்களே ஒட்டிக்கிட்டாங்களோ?" என்று மனைவியைக் குடைவார். இப்போது வெள்ளிக்கிழமை வருகிற படம் அடுத்த வியாழனைத் தாண்டுவதே பெரும்பாடு. இவர் விசாரணை முடிவதற்குள் போஸ்டர் மாறிவிடுகிறது. தியேட்டருக்குள் கால் வைத்து வருஷக்கணக்காகிவிட்டது. அவர் கடைக்கு மேல்மாடியில் குடியிருக்கும் நான், "ஃபோன்லயே வருதே" என்றேன். "அவ்ளோ சின்னதா காட்டுறான்னா எதையோ மறைக்கிறான் சார்."

பெற்ற மகளின் வேலைமீதும் சந்தேகம்தான். படங்களில் கேட்கும் காலடி ஓசை, துணி உரசல், கதவுக் கிறீச்சல் எல்லாவற்றையும் ஒலிப்பதிவுக் கூடத்தில் தனியாகச் செய்து சேர்க்கிற வேலை அவளுக்கு. "நடக்கிறவ காலு சத்தம் போடாதா? அதுக்கு எதுக்குத் தனியா ஒரு ஆளு? இவ வேற ஏதோ வேலை பாக்குறா" என்று என்னிடம் கிசுகிசுப்பார்.

அவளுடைய முதல் படம் எதிர் தியேட்டருக்கே வந்தது. "அப்பா, முதல் நாளே போயிடுங்க. அடுத்த வாரம் இருக்குமான்னே தெரியாது" என்று ஃபோனில் கெஞ்சினாள்.

"நல்ல படம்னா நிக்கும்டி. என்ன அவசரம்?"

நாள் நகர்ந்தது. வெளியே வருகிற முகங்கள் குறைந்துகொண்டே போயின. பேன்ட் இடுப்பைத் தளர்த்த வந்த தியேட்டர் மேனேஜர், "இன்னிக்கு மேட்னியோட தூக்குறோம் அண்ணே. சாயங்காலத்துலேர்ந்து வேற படம்" என்றார்.

"டிக்கெட் விக்கப் புது வழியா?" என்று முறைத்தவர், எதிரே ஏணியில் ஒருவர் போஸ்டரைக் கிழிப்பதைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். ஷட்டரை இழுத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "மாடி சார், கிளம்புங்க. சாட்சிக்கு ஆள் வேணும்."

அரங்கில் எங்களைத் தவிர நாலைந்து பேர். அவர் கையைக் கட்டிக்கொண்டு, திரையைத் திருடனைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு சாத்தினால், "இது கதவுச் சத்தமேதான்" என்பார். மழை பெய்தால், "மழைக்குமா ஆளு?" என்பார்.

பாதிப் படத்துக்குமேல் கதாநாயகி ஆஸ்பத்திரி நடைகூடத்தில் தனியாக நடந்தாள். பாட்டில்லை, பேச்சில்லை. தையற்காரர் என் முழங்கையைப் பிடித்தார்.

"சார், நடக்கிறது அந்தம்மா. நடை எம் பொண்ணோடது. குதிகால இழுத்து இழுத்துத்தான் வப்பா. சின்ன வயசுலேர்ந்து திட்டியிருக்கேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையை அசைத்து அடக்கினார். பிறகு குனிந்து, தன் செருப்புகளைக் கழற்றி, தரையில் உரசாமல் ஒவ்வொன்றாக இருக்கைக்கு அடியில் வைத்தார்.