முழங்கால் உயரத்தில் நின்ற பீச் மரங்கள்

அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்தவர்கள். இளவயதில் கப்பலேறி வந்து பெரும்பாறைப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கூலிக்குச் சேர்ந்தார்கள். நான் பிறந்தது அந்தத் தோட்டத்து லயத்தில். ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுத்த ஒற்றை அறைகளில் ஒன்றில். எங்கள் வழியில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சொந்த நிலம் என்று ஒன்றில் கால் வைத்த முதல் ஆட்கள் நாங்கள் மூன்று பேரும்.

நான் பிளஸ் டூ முடித்த வருடம் அந்த நிலம் கிடைத்தது. பூம்பாறைக்கு மேலே ஒரு சரிவு, முழுக்க உன்னிப்புதர். கீழே பார்த்தால் ஊர்க்காரர்களின் பூண்டு வயல்கள் படிப்படியாக இறங்கும். எங்கள் சரிவில் கல் அதிகம், படி வெட்ட முடியாது. அதனால்தான் எங்கள் கூலிச் சேமிப்புக்குக் கட்டுப்படும் விலையில் அது கிடைத்தது.

பழமரம் வைப்போம் என்று சொன்னது நான். கல்லூரியில் தாவரவியல் எடுத்திருந்தேன். இந்தக் குளிருக்கும் சரிவுக்கும் பீச், பிளம்ஸ், பேரி சரியாக வரும் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கு நம்பிக்கையில்லை. அதே சமயத்தில் மதுரையிலிருந்து ஒருவர் ஜீப்பில் வந்து, செல்போன் சிக்னலுக்காக எங்கள் மேட்டில் ஏறி நின்று பேசிவிட்டு, இங்கே காட்டேஜ் கட்டலாம், நிலத்தைக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார். அப்பா இரண்டுக்கும் இடையில் ஒரு கெடு வைத்தார்.

"மூணாவது சித்திரை வரைக்கும் பாப்பேன். மரம் காய்க்கலைன்னா நெலத்த அவருக்குக் குடுத்துட்டு லயத்துக்கே போயிருவோம்."

அம்மா அன்றே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு உன்னிப்புதரை வேரோடு தோண்ட ஆரம்பித்தார். அம்மாவுக்கு லயம் என்றால் என்ன என்பதை அந்த வெட்டிலேயே நான் பார்த்தேன்.

முதல் மழைக்கு நட்டோம். கீழ்ச்சரிவில் பீச், நடுவில் பிளம்ஸ், காற்றைத் தாங்கும் பேரி மேலே. எல்லாம் அரசுப் பண்ணையில் வாங்கிய ஒட்டுச்செடிகள். வேலியோரம் பிளாக்பெரி வைத்தேன். டவுனில் ஒரு பங்களா வேலியில் பார்த்துக் கேட்டு வாங்கிய முள் கொம்புகள். பக்கத்துப் பூண்டு வயல்காரர், அம்மா அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் ஊர்க்காரர், வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"காட்டுல சும்மா கெடக்குற முள்ளக் குழி வெட்டி நடுறீங்களே. அடுத்து காட்டுமாட்டுக்குத் தொழுவம் கட்டுவீங்களா?"

"கட்டுனா சொல்லியனுப்புறோம்ண்ணே, பால் கறக்க வாங்க" என்றார் அம்மா.

அம்மாவும் அப்பாவும் பகலில் அவர் வயலிலேயே பூண்டு பிடுங்கக் கூலிக்குப் போவார்கள். வெள்ளனே எழுந்து எங்கள் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் போவார்கள். நான் கொடைக்கானலில் விடுதியில் தங்கிப் படித்தேன். சனிக்கிழமை பஸ் பிடித்து வருவேன். இரண்டாவது வருடம் செடிகள் என் தலைக்கு மேல் வளர்ந்திருந்தன. அந்த வருடம் பரீட்சையால் ஒரு மாதம் வர முடியவில்லை. பொங்கல் விடுமுறைக்கு வந்து இறங்கி, மேட்டில் ஏறி, நிலத்தைப் பார்த்தேன்.

மரங்கள் இல்லை. கீழிருந்து மேல் வரை முழங்கால் உயரத்துக் குச்சிகள் நின்றன. கயிறு பிடித்ததுபோல ஒரே மட்டம்.

அப்பா சிரித்த முகத்தோடு நின்றார். தேயிலையில் அவர் கவ்வாத்துக்காரர். சில வருடங்களுக்கு ஒருமுறை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால்தான் அது புதிதாகத் துளிர்க்கும். அதற்குத்தான் கவ்வாத்து என்று பெயர். மீசை முளைக்கும் முன்பே அந்தக் கத்தியைப் பிடித்தவர். இலை உதிர்ந்து நின்ற செடிகளைப் பார்த்ததும் கை சும்மா இருக்கவில்லை. நான் வருவதற்குள் முடித்து எனக்குக் காட்ட வேண்டும் என்று இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு வெட்டியிருக்கிறார்.

"எப்படி இருக்கு புள்ள? ஒரு குச்சி கூட ஏறக்கொறைய இல்ல."

முதல் செடியிடம் போய் மண்டியிட்டேன். ஒட்டுச்செடியில் அடிப்பகுதி காட்டுச்செடி. அதன் மேல்தான் நல்ல ரகத்தை ஒட்டியிருப்பார்கள். ஒட்டுக்குக் கீழே வெட்டியிருந்தால் இனி வளர்வதெல்லாம் காட்டுச்செடிதான், மூன்று சித்திரை அல்ல, முப்பது சித்திரை ஆனாலும் நல்ல பழம் வராது. தண்டில் விரல் வைத்துத் தடவினேன். மண்ணிலிருந்து ஒரு சாண் மேலே ஒட்டின் முடிச்சு கையில் தட்டியது. வெட்டு அதற்கும் மேலே இருந்தது. அடுத்த செடி. அதற்கடுத்தது. சரிவு முழுக்க முட்டிக்காலில் ஏறினேன். அம்மா என் பின்னாலேயே, ஒவ்வொரு செடிக்கும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"எல்லாத்துலயும் ஒட்டு இருக்கும்மா" என்றேன் மேலே போய்.

அப்பாவிடம் விஷயத்தை விளக்கினேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. விடுமுறை முடியும் வரை என்னோடு சரியாகப் பேசவில்லை.

வெயில் ஏற ஏற ஒவ்வொரு குச்சியிலும் துடைப்பம்போலத் துளிர் வெடித்தது. அடுத்த முறை வந்தபோது அப்பா கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். துளிரை மட்டப்படுத்தப் போகிறாராம்.

"இனிமே இந்த மரங்கள்ல கத்தி வைக்கிறது நான்தான்ப்பா."

"படிச்ச திமிரு" என்றார் அப்பா.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "இருக்கட்டும். பின்ன எதுக்குப் படிக்க வச்சோம்?"

அப்பா கத்தியை நிதானமாகத் துடைத்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். ஒவ்வொரு மரத்திலும் நாலு திசைக்கு நாலு கிளையை விட்டு மற்றதை எடுத்தேன். நேராக மேலே போகும் கிளைகளில் கயிறு கட்டிக் கல்லைத் தொங்கவிட்டேன். கிளை விரிந்தால் நடுவில் வெயில் இறங்கும். மறுநாளிலிருந்து கல் பொறுக்குவதும் முடிச்சுப் போடுவதும் அப்பாவின் வேலை ஆயிற்று. யாரும் அவரிடம் சொல்லவில்லை.

பூண்டு வயல்காரர் வந்து வெகுநேரம் பார்த்தார். "கோயில் மரத்துலதான் புள்ள வரம் கேட்டுத் தொட்டில் கட்டுவாங்க. நீங்க மரத்துக்கே புள்ள வரம் கேட்டுக் கட்டியிருக்கீங்க போல."

அடுத்த மாசியில் வரம் கிடைத்தது. பீச், முந்தைய வருடம் விட்ட கிளையில்தான் காய்க்கும். எங்கள் மரங்களில் இருந்ததெல்லாம் முந்தைய வருடத்துக் கிளைகளே. ஒரு இலைகூட இல்லாத கொம்புகளில் அடி முதல் நுனி வரை ரோஸ் நிறப் பூ. பூம்பாறைக்கு வரும் பஸ்ஸில் ஆட்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். நான் அதே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன், எழவில்லை.

பங்குனியில் காய் நெருக்கமாகப் பிடித்தது. நான் பாதிக்கு மேல் பறித்துக் கீழே போட்டேன். அப்போதுதான் மிச்சம் பெருக்கும். அப்பா பின்னாலேயே நடந்து ஒவ்வொரு பிஞ்சாகப் பொறுக்கினார்.

"காய்க்குமா காய்க்காதான்னு நான் செத்துக்கிட்டிருக்கேன். நீ காய்ச்சதப் பிச்சுப் போடுற."

"சித்திரையில கேளுங்கப்பா" என்றேன்.

சித்திரையில் ஒவ்வொரு பழமும் என் கைப்பிடி அளவு இருந்தது. மரங்கள் குட்டையாக விரிந்து நின்றதால் ஏணி வேண்டியதில்லை. அம்மா முதுகில் கூடையைக் கட்டிக்கொண்டு இறங்கினார். முதல் பழத்தைப் பறித்ததும், சிறுமியாக இருந்தபோது கொழுந்து பறித்த பழக்கத்தில், கை தானாகத் தோளுக்கு மேலே பின்னால் வீசியது. பழம் கூடையில் தொப்பென்று விழுந்து நசுங்கியது. அம்மா அப்படியே நின்று, பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அப்பாவும் சிரித்தார். நசுங்கியதை மூன்றாகப் பிய்த்துத் தின்றோம். சாறு முழங்கை வரை வழிந்தது.

அப்பா சொல்லியிருந்த கெடுப்படி காட்டேஜ்காரர் அந்த வாரமே வந்தார். ஜீப்பை நிறுத்தி ஏறி வந்தவர், பாதி வழியில் நின்று மரங்களைப் பார்த்தார். அப்பா கையில் பழத்தோடு திரும்பினார்.

"என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டார் வந்தவர்.

"பழம் பறிக்கிற நேரம் சார். இன்னிக்கும் சோலி கெடக்கு, நாளைக்கும் சோலி கெடக்கு. பீச் முடிஞ்சா பிளம்ஸ் வரும், அப்புறம் பேரி. நெலத்த விக்கிறதுக்கு எங்களுக்கு நேரமில்லைங்க."

அவர் இன்னும் ஏதோ சொல்லிப் பார்த்தார். அப்பா கேட்டுக்கொண்டே பறித்தார். கடைசியில் ஜீப் கீழே இறங்கும் சத்தம் கேட்டது. அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முந்தானையால் ஒருமுறை முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார்.

அப்பா மேட்டை நோக்கிக் கையை நீட்டினார். சிக்னலுக்காக அந்த மனிதர் ஏறி நிற்கும் இடம் அது, இன்னும் புதராகவே கிடந்தது.

"அங்க என்ன புள்ள வைக்கலாம்?"

அப்பா என்னிடம் அப்படிக் கேட்பது அதுதான் முதல் தடவை. நான் யோசிக்கவே இல்லை. "பிளாக்பெரி. நாலு வரிசை."

"குழி எவ்வளவு ஆழம்?" என்று கேட்டுக்கொண்டே அவர் கடப்பாரையைத் தேடினார்.

"மொதல்ல கூடையத் தூக்குங்க" என்றார் அம்மா. "டவுன் பஸ்ஸு போயிரும்."