எரியாத விளக்குக்குக் கட்டணம்

என் தர்மபத்தினி பரமபதித்தபின் ஸ்ரீரங்கத்து வீட்டில் நான் ஒருவனே எஞ்சினேன். பெருமாளுக்கு நெய்விளக்கு உண்டு; பாசுரங்கள் மனப்பாடம், அவற்றைச் சேவிக்க வெளிச்சம் வேண்டியதில்லை. சமையலறையில் மட்டும் சிறிது நேரம் ஒரு பல்பு எரியும். ஆயினும் மின்சாரக் கட்டணம் மாதந்தோறும் குறையாமல் வந்தது. இணைப்பையே துண்டித்துவிடச் சொல்லத் திருச்சி அலுவலகத்துக்குப் போனேன்.

"குறைஞ்சபட்சக் கட்டணம் சாமி. நீங்க ஒரு விளக்கு போட்டாலும் இதேதான், நாலு போட்டாலும் இதேதான்," என்றார் குமாஸ்தா.

"எரியாத விளக்குக்கு நான் ஏன் ஐயா பணம் கட்டணும்?"

"அப்ப எரிச்சுட்டுப் போங்களேன், யாரு வேணாம்னா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்பினேன். அன்று அந்தியில், வீம்புக்காகவே, கூடம், தாழ்வாரம், அவள் படுத்திருந்த அறை என்று எங்கும் விளக்கைப் போட்டேன். வெளிச்சத்தில் வீடு முன்னிலும் வெறுமையாகத் தெரிந்தது. அணைக்க எழுந்தபோது, எதிர்வீட்டு அம்மாள் காபிக் கூஜாவுடன் வாசலில் நின்றாள்.

"யாரு மாமா வந்திருக்கா? டெல்லியிலேர்ந்து பொண்ணா? வீடு முழுக்க வெளிச்சமா இருக்கேன்னு எல்லாருக்குமா போட்டுண்டு வந்தேன்."

நான் ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டேன். அவள் கூடத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஒரே ஒரு டம்ளரில் காபியை ஊற்றி என்னிடம் நீட்டினாள்.

என்னைத் தேடி யாரும் வருவதில்லை என்று எம்பெருமானிடம் எத்தனையோ நாள் குறைபட்டிருக்கிறேன். உள்ளே ஒருவன் இருக்கிறான் என்பதே வீதிக்குத் தெரியாதபடி நான் இருட்டில் அமர்ந்திருந்தது அன்றுதான் எனக்கு விளங்கியது.