ஒற்றனின் இடக்காது

திருகோணமலைத் துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டுகிற ஸஹாப்தீனுக்கு இடது காது கேளாது. ஒரு மாரியில் காதுக்குள் சீழ் வைத்து, நோவெடுத்து, பிறகு நோவும் இல்லை, சத்தமும் இல்லை என்று ஆகிவிட்டது. அதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. கப்பலின் வயிற்றுக்குள் ஆட்கள் நிற்க, அவர்கள் தலைக்கு மேலே பாரம் இறக்குகிற வேலை. காது கேளாதவனை அந்த இருக்கையில் யார் வைத்திருப்பார்கள்? கிண்ணியாவில் இருந்த மனைவி ரபீக்காவுக்குக்கூட மூச்சு விடவில்லை. கதைக்கிறவர்களுக்கு வலப்பக்கத்தைக் கொடுத்து நிற்கப் பழகிக்கொண்டார்.

எண்பத்தோராம் ஆண்டு உவர்மலையில் சோமசேகரத்தின் வீட்டில் அந்த விளையாட்டுத் தொடங்கியது. சோமசேகரம் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிளாக்கர். ஊருக்குத் திரும்பிய கப்பல் அதிகாரி ஒருவர் அவருக்கு ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். உள்ளே பல முகங்கள் கொண்ட விசித்திரமான தாயக்கட்டைகள், ஓர் ஆங்கிலப் புத்தகம். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக நின்று, தங்கள் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்லிக் கட்டையை உருட்ட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் சோமசேகரம் பாழடைந்த கோட்டையையும் பூதம் காக்கிற சுரங்கத்தையும் தமிழில் சொல்லத் தொடங்கினால், ஞாயிறு பின்னேரம் போவதே தெரியாது.

சோமசேகரத்தின் தமக்கை புஷ்பவதி, தொலைபேசி நிலையத்தில் வேலை, மந்திரக்காரி ஆனாள். தையற்கடை றஊப் வாள்வீரன். ஸஹாப்தீன் கேட்டு வாங்கியது ஒற்றன் வேடம். முன்னால் போய் வழி பார்த்து வந்து சொல்கிறவன். வின்ச் இருக்கையை விட்டு அசையாமல் ஓடுகிற வாழ்க்கையில், சத்தமில்லாமல் மதிலேறுகிற ஓர் ஆளாக இருப்பது அவருக்குப் பிடித்திருந்தது.

ஒற்றன் காண்பதை மற்றவர்கள் அறியக்கூடாது என்பதால், சோமசேகரம் அதை அவருடைய காதுக்குள் சொல்வார். இடப்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்த கதிரையைத்தான் ஸஹாப்தீன் எப்போதும் பிடிப்பார். அதனால் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒரு ஞாயிறு கடும் மழை. அந்த மூலையில் ஓடு ஒழுகியது. கதிரைகளை இழுத்து மாற்றிப் போட்டார்கள். சோமசேகரம் இடப்பக்கமாகக் குனிந்து ஏதோ சொன்னார். ஸஹாப்தீனின் காதில் மூச்சுக்காற்று மட்டும் பட்டது. திருப்பிக் கேட்க வெட்கம். தலையை ஆட்டினார்.

“என்ன கண்டீங்க, நானா?” என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான் றஊப்.

“ஒண்டும் இல்லை. பாலத்தால வாங்க.”

பாலத்துக்கு அடியில் வில்லுக்காரர்கள் ஒளித்திருந்தார்கள். றஊப்பின் வீரன் காயப்பட்டு விழுந்தான். மந்திரக்காரி பிடிபட்டாள்.

“சொன்னனே!” என்றார் சோமசேகரம் வாய் தவறி. மூவரும் ஸஹாப்தீனைப் பார்த்தார்கள்.

“நானா அவங்கட ஆளா மாறிட்டார்,” என்று றஊப் சிரித்தான். ஆனால் அடுத்த கிழமை சிரிப்பு இல்லை. மந்திரக்காரியை மீட்டெடுத்த கையோடு, கதைக்குள் ஒற்றனின் கைகளைக் கயிற்றால் கட்டி நடத்திக்கொண்டு போனார்கள். ஸஹாப்தீனும், கதைதானே என்று கட்டுப்பட்டார். கொஞ்சம் தள்ளி நின்று றஊப்பும் புஷ்பவதியும் குசுகுசுவென்று திட்டம் போட்டபோதுதான் அவருக்குப் பயம் வந்தது. உதடுகள் அசைந்தன, ஒன்றும் கேட்கவில்லை. ‘என்ர காதைப் பத்தித்தான் கதைக்கிறாங்க. துறைமுகக் கந்தோருக்குச் சொல்லப்போறாங்க’ என்று நினைத்தார்.

அதற்குப் பிறகு கடைத்தெருவில் றஊப் முகம் கொடுக்காமல் போனான். சந்தேகம் உறுதியாயிற்று. அடுத்த ஞாயிறு ஸஹாப்தீன் போகவில்லை.

மறுநாள் சோமசேகரம் கப்பல் அணையும் ஜெற்றியில் அவரைத் தேடி வந்தார். “ஏன் நானா வரேல்லை? கதை உங்களுக்காக நிக்குது. வாற கிழமை உங்கட ஆளை விசாரிக்கப்போறம். நீங்கள் இல்லாமல் ஏலாது.”

போனார். தேத்தண்ணீரும் வடையும் இருந்தன. ஒருவரும் தொடவில்லை. றஊப் வாள்வீரனின் குரலில் கேட்டான்: “பாலத்துக்குக் கீழ ஆள் இருக்கிறது தெரிஞ்சும் எங்களை ஏன் கூப்பிட்டாய்?”

ஒற்றன் பயந்துவிட்டான் என்று சொல்லலாம். எதிரிகள் ஆசை காட்டினார்கள் என்று சொல்லலாம். கதைக்கு இரண்டும் பொருந்தும். ஸஹாப்தீன் கட்டையை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

“என்ர ஆளுக்கு இடக்காது கேளாது,” என்றார்.

“இது புதுக்கதையா இருக்கு,” என்றான் றஊப்.

புஷ்பவதி அவனைக் கையால் தடுத்தாள். நாள் முழுக்கக் குரல்களோடு வேலை செய்கிறவள். “எப்ப இருந்து, தம்பி?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“ரெண்டு மாரி, அக்கா.”

“அப்ப நான் காதுக்குள்ள சொன்னது?” என்றார் சோமசேகரம்.

“மூச்சுத்தான் தம்பி வந்திச்சு. நல்ல சூடா இருந்திச்சு.”

முதலில் சிரித்தது புஷ்பவதி. றஊப்பால் சிரிக்க முடியவில்லை. “கடையடியில சலாம் சொன்னன் நானா. நீங்க திரும்பியும் பார்க்கல்ல. எனக்கு எப்பிடி இருந்திச்சு தெரியுமா?”

“எந்தப் பக்கம் நிண்டு சொன்னீங்க?”

றஊப் யோசித்தான். பிறகு எழுந்து வந்து, அவருடைய வலப்பக்கம் குந்தியிருந்து, “அஸ்ஸலாமு அலைக்கும்,” என்றான். ஸஹாப்தீன் கட்டையைக் கீழே வைத்துவிட்டு அவனுடைய கையைப் பிடித்துப் பதில் சலாம் சொன்னார்.

“நான் அவற்ர கைக்கட்டை அவிழ்க்கிறன்,” என்றாள் புஷ்பவதி.

“அதுக்குக் கட்டை உருட்டவேணும், அக்கா,” என்றார் சோமசேகரம்.

“ஒண்டும் உருட்டத் தேவையில்லை. அவிழ்த்தாச்சு.”

வேலை விஷயமும் பிறகு சரிவந்தது. சோமசேகரம் கூடப்போய் மேற்பார்வையாளரிடம் கதைக்க, அவரைக் கயிறும் தார்ப்பாயும் வைக்கிற களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். வின்ச்சை விட்டு இறங்கியதில் கவலை இருந்ததுதான். ஆனால் யாருடைய தலையிலாவது பாரம் விழும் என்ற பயம், தூக்கத்தில்கூட விட்டுப்போகாமல் இருந்த பயம், அன்றோடு போயிற்று.

விசாரணை நடந்த அந்த ஞாயிறு மாலை, பாதை என்கிற மிதவைப் படகில் நின்றுகொண்டு ஆற்றைக் கடந்து கிண்ணியாவுக்கு வந்தபோது அவர் அதையெல்லாம் யோசிக்கவில்லை. றஊப் கேட்டதுதான் மனதில் நின்றது. வீட்டில் எத்தனை தரம் அப்படி நடந்திருக்கும்?

ரபீக்கா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே சொன்னார். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“கூப்பிட்டாத் திரும்ப மாட்டீங்க. பக்கத்தில இருந்து கதைச்சா எழும்பிப் போவீங்க. என்னில வெறுப்பு வந்திட்டு எண்டு நான் நினைச்சன்,” என்றாள். “உம்மாக்கிட்டக்கூடச் சொல்லல்ல. எனக்குள்ளேயே வச்சிருந்தன்.”

“வெறுப்பா? உன்னிலயா?”

மீன் கையைக் கழுவாமலே அவள் எழுந்து வந்தாள். அவருடைய முகத்தைப் பிடித்துத் திருப்பி, இடது காதை வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தாள். வெளியே பார்க்க அதில் ஒரு குறையும் இல்லை. சட்டைக் கழுத்தில் செதில் ஒட்டியது. இடக்காதில் அவளுடைய மூச்சுப் பட, அவர் அசையாமல் நின்றார்.

“இப்ப ஏதாவது சொன்னியா?” என்று சிறிதுநேரம் கழித்துக் கேட்டார்.

“இல்லை,” என்றாள் ரபீக்கா, வலப்பக்கம் வந்து.