கிறீன் லேக் கார்டன்ஸில் கூப்பிட்ட பெயர்

தெஹியோவிட்டப் பாதையில், இறப்பர் மரங்களைச் சாய்த்து வீட்டுக் காணிகளாகத் துண்டு போட்ட சரிவொன்றில், புதிதாக ஒரு பலகை நிற்கிறது. அதில் ஆங்கிலத்தில் ஒரு பெயர். வனம், சிகரம், பூங்கா எல்லாம் அந்த ஒரே பெயருக்குள் இருக்கின்றன. சரிவில் மரமென்று ஒன்றுமில்லை. பஸ் ஜன்னலால் அதை இரண்டு தரம் வாசித்தேன். இப்படியொரு பெயருக்குள்தான் எங்கள் அக்கா போனாள். திரும்பி வரவில்லை.

எங்கள் தோட்டத்துக்கும் ஆங்கிலப் பெயர் உண்டு. எந்த வெள்ளைக்காரத் துரையோ தன் ஊர் ஞாபகத்தில் வைத்துவிட்டுப் போனது. அது பலகையோடு சரி. எங்கள் வாய்க்கு அது பாலத்துத் தோட்டம். பாலம் இருந்தது, அதனால் அந்தப் பெயர். பெயர் என்றால் உள்ளதைச் சொல்லும் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள்.

அக்காவைக் கொழும்புப் பக்கம் வீட்டு வேலைக்குக் கூட்டிப்போக வந்த தரகர் இடத்தின் பெயரை நாக்கில் உருட்டிச் சொன்னார். கிறீன் லேக் கார்டன்ஸ். அம்மா என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் நான் கெட்டிக்காரி.

"பச்சைக் குளத்துத் தோட்டம்மா."

"கொளம் இருக்கா? அப்ப புள்ள தண்ணிக்கு அலைய வேணாம்."

அப்பா வீட்டு இலக்கம் கேட்டார். தரகர் சிரித்தார். "நம்பரு எதுக்குங்கண்ணே? பேரச் சொன்னா யாரும் காட்டுவாங்க." அப்பாவுக்கு அது நியாயமாகவே பட்டது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யார் இலக்கம் கேட்டு வந்தார்கள்? அக்கா தன் சிவப்பு ரிப்பனை அவிழ்த்து என் சடையில் கட்டினாள். "என்னப் பாக்க வாறப்ப இதக் கட்டிக்கிட்டு வா" என்றாள். அவளுக்கு அப்போது நெஞ்சுயரம்தான் நான்.

இறப்பர் காட்டுக்குள் பால் வெட்டும் ஆளை அடுத்த ஆள் பார்க்க முடியாது. ஒருவரைத் தேடினால் சரிவில் நின்று பெயரை நீட்டிக் கூப்பிட வேண்டியதுதான். கேட்டவர் அதை அப்படியே அடுத்த சரிவுக்குக் கடத்துவார். அங்கே கேட்டவர் அதற்கப்பால். பெயர் மலைமலையாகத் தாவிப்போய், உரியவர் காதில் விழுந்து, "ஓய்" என்று அதே வழியில் திரும்பி வரும். யாருடைய பெயரும் நடுவில் விழுந்து கிடந்ததில்லை.

மாரியம்மன் திருவிழாவுக்கு அக்காவை அனுப்புவதாகத் தரகர் சொல்லியிருந்தார். திருவிழா முடிந்து பந்தலும் பிரித்தாயிற்று. அக்கா வரவில்லை. தரகரும் அதற்குப் பிறகு தோட்டத்துப் பக்கம் தலைகாட்டவில்லை. அம்மா சோற்றுக்கு முன் உட்கார்ந்து, சாப்பிடாமலே எழுந்து போகத் தொடங்கியபோது, அப்பா பலகை வாசிக்க என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். நான் ரிப்பனைக் கட்டிக்கொண்டேன்.

அவிசாவளையில் பஸ் மாறி, கொழும்புக்கு இந்தப் பக்கமே இறங்கினோம். அந்த ஊரில் எங்கு திரும்பினாலும் பலகை. நான் ஒவ்வொன்றாகத் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டு நடந்தேன்: ரோசாப்பூத் தோட்டம், ஏரிக்கரை உச்சி, அரசியின் தோப்பு. ரோசாவும் இல்லை, உச்சியும் இல்லை. மதில்கள் இருந்தன, மதிலுக்கு மேல் கண்ணாடித் துண்டுகள் இருந்தன. அப்பா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

முச்சக்கர வண்டிக்காரன்தான் கிறீன் லேக் கார்டன்ஸில் கொண்டுபோய் விட்டான். அப்பா சிங்களத்தில் குளம் எங்கே என்று கேட்டார். அவன் சிரித்ததில் கேலி இல்லை.

"குளமா? இது முந்தி தென்னங்காணி, அண்ணே. காணி விக்கிறவங்க வைக்கிற பேரு இது. இங்கிலீசில வைச்சாத்தான் வாங்க வருவாங்க. இதே பேர்ல கொட்டாவைப் பக்கமும் ஒண்ணு இருக்கு. கடலோரம் இன்னொண்ணு. நீங்க தேடுறது எது?"

அப்பா ஒழுங்கையின் நடுவில் போய் நின்றார். வாயின் இரு பக்கமும் கையைக் குவித்து, பால்காட்டில் கூப்பிடுவது போலவே, அக்காவின் பெயரை நீட்டிக் கூப்பிட்டார். நாய்கள் குரைத்தன. மறுபடி கூப்பிட்டார். அடுத்த சரிவில் யாராவது வாங்கிக்கொள்வார்கள் என்பது போலக் காது கொடுத்து நின்றார். மதில்கள் யாருக்கும் எதையும் கடத்தவில்லை. நானும் கூப்பிட்டேன். என் குரல் எனக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு கேற் கொஞ்சமாகத் திறந்தது. துடைப்பத்தோடு ஒரு பிள்ளை நின்றாள். அக்கா வயதுதான் இருக்கும்.

"கத்தாதீங்க, ஏசுவாங்க" என்றாள் தமிழில். பிறகு இன்னும் மெதுவாக, "எந்தத் தோட்டம் நீங்க?"

அப்பா அழுதுவிடுவார் போலிருந்தது. தோட்டத்தைச் சொன்னார், அக்காவின் பெயரைச் சொன்னார்.

"நான் நிவித்திகலைப் பக்கம். அந்தப் பேர்ல இங்க யாரையும் தெரியாதுங்க. ஆனா பேரச் சொல்லித் தேட ஏலாதுங்க. இங்க வந்ததும் நம்ம பேர மாத்திருவாங்க. என்னய ரோசிம்பாங்க. அந்தப் பக்கத்து வீட்டுப் புள்ளையும் ரோசிதான். அதோட சொந்தப் பேரு எனக்குத் தெரியாது."

"அந்தப் புள்ள எப்படி இருக்கும், தாயி?"

உள்ளிருந்து "ரோசி!" என்று ஒரு பெண்குரல். கேற் மூடிக்கொண்டது.

அப்பா அந்தப் பக்கத்து வீட்டின் கேற்றைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். காவல்காரன் வந்து தோளைப் பிடித்துத் திருப்பும்வரை தட்டினார். கொட்டாவைக்கும் போனோம். அங்கேயும் கூப்பிட்டார். கடலோரம் போக வெளிச்சம் இல்லை. பஸ்ஸில் நான் அவர் மடியில் தூங்கிப்போனேன்.

வாசலில் அம்மா நின்றாள். "பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றார் அப்பா. "சதை போட்டிருக்கு. கொளத்தோரம்தான் வீடு. லீவுதான் கெடைக்கலையாம்."

அம்மா முந்தானையில் முகத்தை அழுத்திக்கொண்டு சிரித்தாள். அன்று வட்டில் நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

எனக்கோ பொறுக்கவில்லை. நான் தூங்கிய நேரம் பார்த்து அவர் மட்டும் அக்காவைப் பார்த்திருக்கிறார்! குளத்தையும் பார்த்திருக்கிறார்! அவரோடு பேசாமல் இருந்தேன். பிறகு ஒரு காலையில், பால்வாளியோடு கிளம்பியவரை மறித்துக் கேட்டே விட்டேன்.

"என்னய எழுப்பியிருக்கலாமில்ல?"

அப்பா வாளியைக் கீழே வைத்தார். நெடுநேரம் கைப்பிடியைத் துடைத்தார்.

"அடுத்த தடவ ஒனக்கும் காட்டுறேன், பாப்பா."

அடுத்த தடவைக்காக நான் அந்தச் சிவப்பு ரிப்பனைத் தோய்த்து, வெயிலில் காய வைத்தேன்.