மகஜரில் அப்பாவின் கையெழுத்து

அப்பாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தது நான்தான். குற்றாலத்தில் மெயினருவிக்குப் போகும் வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் அவர். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். அதுவும் குற்றவியல் படிக்க. விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்துக்கான இடத்தில் பெருவிரல் ரேகை இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. பத்து நாள் உட்காரவைத்து எழுதப் பழக்கினேன்.

கூட வேலை செய்கிறவர்கள், "படிச்ச மனுசன் வாராவ, வழி விடுங்கலே" என்று கேலி செய்தார்களாம். அதைச் சொல்லும்போது அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அந்த சீசனில் ஒரு மத்தியானம் காவல் நிலையத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அங்கிருந்த ஏட்டு பக்கத்து ஊரான இலஞ்சிக்காரர், அப்பாவுக்குப் பழக்கம். போலீஸ் கண்டும் காணாமல் விட்டால்தான் நடைபாதையில் அவர் விரிப்பைப் போட முடியும். "அண்ணாச்சி, இங்கன ஒரு கையெழுத்து. ஒங்களுக்குத்தான் இப்பம் போடத் தெரியும்லா" என்றாராம் ஏட்டு. அப்பா குழாயடியில் சோப்புப் போட்டு எண்ணெய்க் கையைக் கழுவி, வேட்டியில் துடைத்து, காட்டிய இடத்தில் போட்டுவிட்டு வந்தார். ஸ்டேஷனில்கூடக் கைநாட்டு வைக்கவில்லை என்று அவர் சொன்னபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என்ன காகிதம் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்துச் சம்மன் வந்தது. பண்பொழியைச் சேர்ந்த ஒரு லாட்ஜ் துப்புரவுக்காரரின் பையிலிருந்து, குளிக்க வந்தவர்களிடம் திருடிய செல்போன்களைப் போலீஸ் கைப்பற்றியதாக வழக்கு. அன்று ஸ்டேஷனில் போட்ட கையெழுத்தின்படி, கைப்பற்றியதை அருவிக்கரையில் நேரில் பார்த்த சாட்சி என் அப்பா. போலீஸ் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளக் கூடாது என்பதற்குத்தான், கைப்பற்றிய பொருளை எழுதிவைக்கும் மகஜரில் வெளியாள் கையெழுத்து வாங்குகிறார்கள். பரீட்சையில் இதை எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறேன்.

அப்பா அந்த ஆளைப் பார்த்ததே இல்லை. ஸ்டேஷனில் வைத்துத்தான் போட்டேன் என்று கோர்ட்டில் சொல்லிவிடுங்கள் என்றேன். அப்பா என்னிடம் சொன்னார்:

"நானாப் போயிச் சொன்னா நாளைக்கு எங்கன விரிப்பைப் போடுவேன்? ஆனா அவிய கேட்டா சொல்லிருதேன் ஏட்டி. கேட்டா மறைக்க மாட்டேன்."

எங்கே வைத்துக் கையெழுத்துப் போட்டீர்கள்? அந்த ஒரு கேள்வி போதும். வக்கீலிடம் கொடுக்க ஒரு துண்டுத்தாளில் எழுதி எடுத்துக்கொண்டேன். தென்காசி கோர்ட் வராந்தாவில் அந்த ஆளின் வக்கீல், இலவச சட்ட உதவியில் வந்தவர், ஐந்தடி தள்ளி நின்றார். ஏட்டு அப்பாவுக்கு டீ வாங்கிக் கொடுத்து அருகிலேயே உட்கார்ந்திருந்தார். "பாப்பாவும் நம்ம டிபார்ட்மெண்டுக்குத்தான வரப்போவுது" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த ஐந்தடியை நடக்கவில்லை.

கூண்டிலேறிய அப்பாவிடம், செல்போன்களை உங்கள் முன்னிலையில் கைப்பற்றி நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள், அப்படித்தானே என்றார் அரசு வக்கீல். "கையெழுத்து என்னுதுதான் ஐயா" என்றார் அப்பா. அதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. நீதிபதி சொல்லச் சொல்லத் தட்டச்சில் அது நான்கு வரியாக வளர்ந்தது. என் முன்னிலையில், அருவிக்கரையில், குற்றம்சாட்டப்பட்டவரின் பையிலிருந்து. அந்த ஆள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார், இவரை எங்கே பார்த்தோம் என்று யோசிப்பவர் மாதிரி.

எதிர்த்தரப்பு வக்கீல் அடுத்த வழக்கின் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே, குறுக்கு விசாரணை இல்லை என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவள் எழுந்து கேட்க முடியாது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்பதும் எனக்குத் தெரியும். அப்பா இறங்காமல் நின்றார். அவர் கண்கள் அந்த வக்கீலிடமே இருந்தன. போகலாம் என்று இரண்டாம் தடவை சொன்ன பிறகுதான் இறங்கினார்.

ஒரு மாதம் கழித்து அந்த ஆளுக்கு ஆறு மாதச் சிறை என்று தீர்ப்பானது. சாட்சி சொன்ன அன்று குற்றாலம் திரும்பும் பஸ்ஸில் அது எங்களுக்குத் தெரியாது. அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்:

"யாருமே கேக்கலியே ஏட்டி."

"ஆமாப்பா, கேக்கலை" என்றேன். துண்டுத்தாள் இன்னும் என் கையில்தான் இருந்தது.